ஐந்தாம் பெஞ்சில் நான்கு வருடம்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஆண்டவர் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை. ஆயர் அழைத்ததும் முன் பெஞ்சிலிருந்து வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போவார்கள். அதற்கு உரிமை தரும் திடப்படுத்தல் சடங்கை இன்னும் பெறாத பிள்ளைகள் மட்டும் பெஞ்சிலேயே இருப்பார்கள். நான்கு வருடம் அந்தப் பிள்ளைகளோடு நானும் இருந்தேன். ஐந்தாம் பெஞ்சில், பக்கத்தில் என் மகள். எங்களைத் தாண்டிப் போகிறவர்களுக்காகக் காலை ஒதுக்கிக்கொள்வேன். ஒதுக்கும்போது உள்ளுக்குள் ஒரு பெருமை வரும். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெருமைக்குக் காரணம் இருந்தது. காணிக்கையோடு பீடத்தண்டை வரும்போது, உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருக்கிறதென்று நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட வேண்டும். ஆண்டவர் சொன்ன கட்டளை. எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவிக்கும், பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. சண்டையை வைத்துக்கொண்டு திருவிருந்தில் கை நீட்டக் கூடாது என்று நான் நீட்டவில்லை. சபையில் யார் யார் யாரோடு பேசுவதில்லை என்று எனக்கு விரல்விட்டு எண்ணிச் சொல்லத் தெரியும். அவர்கள் எல்லாரும் போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கட்டளைக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அக்காவும் எழுந்து போகாமல் இரண்டாம் பெஞ்சிலேயே இருந்தார். மற்றவர்கள் எழுந்ததும் அவருடைய சாம்பல் நிறச் சால்வை மட்டும் எனக்கு நேர் முன்னால் தெரியும். அவர் உட்கார்ந்திருப்பதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். செய்த தப்பு உறுத்துகிறது, முன்னால் போகத் துணிவில்லை. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். நான் செய்தால் பக்தி, அவர் செய்தால் பயம்.

சண்டை பஜ்ஜி எண்ணெயால் வந்தது. நீலகிரி மலையில் நடுவட்டம் என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் கடைகள் இரண்டும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. டீ, பஜ்ஜி, டீயில் தொட்டுத் தின்கிற மொறுமொறு வர்க்கி. பைக்காராவில் படகு ஏறிவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் காரை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஒரு குடும்பம் என் கடைப்பக்கம் வந்தது. அக்கா தன் அடுப்பருகே இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, கொழந்தைக்கா வாங்கறீங்க? அங்க எண்ணெய் பழசுங்க."

அந்த அம்மாள் குழந்தையை இழுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் என் வாணலியை எட்டிப் பார்த்தார்கள். நான் கரண்டியோடு வெளியே வந்தேன். என்ன பேசினேன் என்று முழுதாக எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்துக் கற்பனைகள் என்னும் தேவ கட்டளைகளில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதை எடுத்து அக்காவின் தலையில் போட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எண்ணெய் பழசுதான். முந்தாநாள் ஊற்றியது. அக்கா சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

ஆண்கள் இருவருக்கும் இதெல்லாம் ஒட்டவேயில்லை. வழக்கம்போல ஒரே பைக்கில் கூடலூர் சந்தைக்குப் போய் வந்தார்கள். என் மகளும் பெரியம்மா கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். ஆயர் ஒருமுறை டீ குடிக்கிற சாக்கில் வந்து மெதுவாகப் பேச்செடுத்தார். நான் அந்தக் கட்டளையையே சொல்லி அவர் வாயை அடைத்தேன். பாவம், டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் என் மகளுக்குத் திடப்படுத்தல் என்று முடிவானது. பேராயர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்த பிறகு, புதிதாகத் திடம் பெற்றவர்கள் அவரவர் குடும்பத்தோடு பீடத்தில் முழங்காலிட்டு முதல் திருவிருந்து எடுப்பது எங்கள் சபையின் வழக்கம். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நாள் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். போனால் நான்கு வருடமாகக் காட்டிய பக்தி வேஷமாகிவிடும். போகாவிட்டால் என் பிள்ளை ஒரு பக்கம் காலியாக முழங்காலிடுவாள்.

ஒரு மத்தியானம் மூடுபனி ரோட்டையே மறைத்துவிட்டது. வண்டி இல்லை, வியாபாரம் இல்லை. மகள் திடப்படுத்தல் வகுப்பின் மனப்பாடப் பாடத்தோடு கடையில் உட்கார்ந்திருந்தாள். அதில் அந்தக் காணிக்கைக் கட்டளை வந்தது. எனக்குத் தெரிந்ததாயிற்றே என்று நானே மடமடவென்று சொன்னேன்.

"பாதியில நிறுத்தீட்டியேம்மா," என்றாள்.

"என்ன பாதி?"

"வச்சிட்டு, மொதல்ல போய் அவங்களோட சமாதானம் ஆகோணும். அப்பறம் வந்து காணிக்கை குடுக்கோணும். போறதும் இருக்குது, திரும்பி வாறதும் இருக்குது."

தெரியாத விஷயமில்லை. ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் 'வை' என்பதோடு நிறுத்திவிட்டு 'போ' என்பதை நான்கு வருடமாக விழுங்கியிருந்தேன். அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"இனிமே நீ எனக்காக உக்காந்திருக்க வேண்டாம்மா. எல்லாரும் எந்திரிச்சுப் போனா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்னுதான நீ போகாமயே இருந்தே? இனி சேந்தே போலாம்."

சண்டை அவளுக்குத் தெரியும். ஆனால் நான் பெஞ்சில் இருந்தது அவளுக்குத் துணையாக என்று நம்பியிருக்கிறாள். நான் "ம்" என்றேன். எந்தப் பழைய எண்ணெயைவிடவும் மோசமான "ம்" அது. மறுநாள் முழுவதும் டீக்குச் சர்க்கரை போட மறந்துகொண்டே இருந்தேன்.

கட்டளைகள் நம்மைக் கட்டிப்போடத்தான் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். நான் அப்படிச் சலித்ததில்லை. எனக்கு அவை மிகவும் வசதியாக இருந்தன. பொய்ச்சாட்சிக் கற்பனை அக்காவை அடிக்கக் கிடைத்தது, காணிக்கைக் கட்டளை உட்கார இடம் கொடுத்தது. ஆண்டவர் என்னை எழுப்பி நடக்க வைக்கச் சொன்னதை நான் ஏறி உட்காரும் முக்காலியாக்கிவிட்டேன். அவர் என்னைத் தண்டிக்க அதைச் சொல்லவில்லை, என்மேலும் அக்காமேலும் இருந்த இரக்கத்தால் சொன்னார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தகரத் தடுப்பைச் சுற்றிப் போனால் எட்டுத் தப்படிகூட இல்லை. எனக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டாம் நாள் சாயங்காலம் போய் நின்றேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

"பஜ்ஜி சூடா இருக்குதுங்க. எத்தன வேணுங்க?" என்றார் திரும்பாமலே.

"நான்தானுங்க்கா."

திரும்பினார். கையில் மாவு சொட்டியது. 

"அன்னிக்கு எண்ணெய் பழசுதானுங்க்கா. நீங்க சொன்னது நெசம். நான்தான் கண்டபடி பேசிப்போட்டேன்."

அக்கா விரல்களிலிருந்த மாவைப் பாத்திரத்தில் வழித்துவிட்டார். "தெரியும் புள்ள. ஒரே டின்னு வாங்கி ரெண்டு பேரும் பாதி பாதியா ஊத்துனோமல்லோ. என்ற வாணலியிலயும் அதே எண்ணெய்தான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பழக்கம் விடுமா? அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் தங்கவில்லை.

"காலையிலிருந்து ஒரு பஜ்ஜி போகல அன்னிக்கு. வாய் தவறிருச்சு. வந்து சொல்லலாம்னா நீ கரண்டியத் தூக்கிட்டு நிக்கறே. நாளாக நாளாக உன்ற மூஞ்சியப் பாக்கவே பயமாப் போச்சு."

"அதனாலதான் திருவிருந்துக்குப் போகலீங்களா?"

"உனக்கு என்மேல மனசு சரியில்லயே. அப்பறம் எப்படிப் போறது?"

உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தால் என்றுதான் கட்டளை சொல்கிறது. அவரும் என்னைப்போலப் பாதியில் நின்றவர்தான். ஆனால் நான் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவர் என்னை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. மகள் நம்பிக்கொண்டிருப்பதை அவரிடம் சொன்னேன்.

"புள்ளகிட்ட நெசத்தச் சொல்லிப்போடு," என்றார். "அவளத் தப்பா நம்ப வெச்சுட்டு முழங்கால் போடாத."

திடப்படுத்தல் ஞாயிறன்று கடைகள் இரண்டும் அடைத்திருந்தன. எங்கள் சபைக் கோயிலுக்கு ஏறும் பாதையில் மகளிடம் சொன்னேன். துணைக்கு இல்லை, சண்டைக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கு "ம்" என்றது பொய் என்று. வெள்ளைச் சேலை ஈரத்தில் படாமல் தூக்கிப் பிடித்தபடி அவள் என்னைத் தாண்டி வேகமாக ஏறினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

கோயில் வாசலில் நின்று கேட்டாள்: "அப்போ நாலு வருஷமாப் பெரியம்மாவுக்கு யாரும்மா தொணை?"

 எனக்காவது பக்கத்தில் அவள் இருந்தாள்.

பேராயர் ஜெபித்து முடித்து, திடம் பெற்றவர்களைக் குடும்பத்தோடு அழைத்தார். நானும் வீட்டுக்காரரும் எழுந்தோம். மகள் எங்களோடு சேராமல் இரண்டாம் பெஞ்சுக்குப் போனாள். சாம்பல் நிறச் சால்வைக்குள்ளிருந்த அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள். எனக்கென்று நான் நினைத்து வைத்திருந்த பக்கத்தில் அக்கா முழங்காலிட்டார். நான் அவருக்கு அப்பால் இடம் தேடி முழங்காலிட்டேன். அப்பம் கைக்கு வரும்வரை அக்காவின் தோள் என் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது.