ஏஐ நேராக்கின கண்ணு

ஸ்டுடியோத் தொழில்ல ஒரு வசதி உண்டு: வர்றவுக யாரும் உள்ளபடி காட்டச் சொல்ல மாட்டாக, கொஞ்சம் நல்லாக் காட்டச் சொல்லுவாக. அதை வச்சே சின்னமனூர்ல பதினெட்டு வருசம் பொழப்பை ஓட்டிட்டேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாத்துக்கும் போட்டோ, ஃப்ளெக்ஸ், பிரேம். கடைக்குள்ள ஏஐயைக் கொண்டுவந்து வச்சுக்கிட்டு முழிக்கிற என்னைய மாதிரிப் பாவிகளே, ஒங்களுக்காகத்தான் மானத்தை விட்டு இதைச் சொல்றேன். சிரிச்சுக்கிருங்க. வாட்ஸ்அப் குரூப்புல மட்டும் போட்டுறாதீக.

ஒரு நாள் வகுப்பு

தேனியில ஒரு ஓட்டல் ஹால்ல, வியாபாரத்துக்கு ஏஐ எப்படி ஒதவும்னு ஒரு நாள் வகுப்பு வச்சாக. டை கட்டின தம்பி ஒருத்தர், கரையான் அரிச்ச பழைய போட்டோ ஒன்னை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினாரு. பளிச்சுன்னு வந்திருச்சு. எங்க கடையில முருகேசுவரி அதை மூணு மணி நேரம் ஒக்காந்து செய்யும். ஒம்போது வருசமா எங்ககிட்ட டிசைன் பாக்குற பொண்ணு. மத்தியானச் சாப்பாட்டுல கேசரியைத் தின்னுக்கிட்டே நான் முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் முருகேசுவரியைக் கூப்பிட்டு, "இனிமே வேலை கொறஞ்சிரும்மா, வேற எங்கனயாவது பாத்துக்க"ன்னேன். அது மொகத்தைப் பாத்துச் சொல்லலை, பிரிண்டரைப் பாத்துத்தான் சொன்னேன். அது அழுகலை, சண்டையும் போடலை. டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, வாசல் வரைக்கும் போயித் திரும்புச்சு.

"அண்ணே, கம்ப்யூட்டரு பாஸ்வேர்டு ஒங்க மக பேருதான். மறந்துறாதீக."

கழுவி விட்ட சேறு

வீரபாண்டித் திருவிழாவுல சேத்தாண்டி வேசம் போடுவாக. ஒடம்பு பூராம் சேத்தைப் பூசிக்கிட்டு ஆத்தா சன்னதிக்குப் போறது. ஆட்டோ ஓட்டுற பால்பாண்டி, மகனுக்குக் காய்ச்சல் எறங்கினதுக்கு நேந்துக்கிட்டு அந்த வேசம் போட்டிருந்தான். செல்லுல எடுத்த படத்தை அனுப்பி, வீட்டுல மாட்ட பெருசாப் போட்டுத் தாங்கண்ணேன்னான். "படத்தைச் சுத்தமாக்கு"ன்னு ஏஐகிட்டச் சொன்னேன். அது சொன்ன சொல் தட்டாத பிள்ளை. சேறு பூராத்தையும் கழுவிருச்சு. குளிச்சுப் பவுடர் போட்ட மாப்பிள்ளை கணக்கா நிக்கிறான் பால்பாண்டி. கையில இருந்த வேப்பிலை ரோசாப்பூக் கொத்தா மாறியிருக்கு.

நான் பாக்காமலே பிரிண்ட் போட்டு, சுருட்டி, ரப்பர் பேண்டு மாட்டி வச்சுட்டேன். முருகேசுவரி இருந்தப்ப, பிரிண்டுக்கு முந்தி படத்தை ஆளுக்கு அனுப்பி, போன் போட்டு, "சரியா இருக்காண்ணே?"ன்னு கேக்காம விடாது. அது வெட்டியா வாய் பேசுதுன்னு நான் சடைச்சுக்கிட்டது உண்டு. அதையெல்லாம் ஒரு வேலையாவே நான் நெனைக்கலை. பால்பாண்டி கடைக்கு வந்து சுருளைப் பிரிச்சுப் பாத்தான், என்னையப் பாத்தான்.

"ஏண்ணே, ஆத்தாளுக்குப் பூசின சேத்தை, ஆத்தாளைக் கேக்காம நீ எப்படிண்ணே கழுவுன?"

வாழ்த்துச் சொன்ன வாட்ஸ்அப்

அப்பவாவது புத்தி வந்துச்சா? இல்லை. வாட்ஸ்அப்புல வர்ற ஆர்டருக்கு ஏஐயே பதில் சொல்ற மாதிரி செஞ்சு வச்சேன். கோம்பையில இருந்து ஒருத்தர், "அப்பா நேத்து தவறிட்டாக, அஞ்சலி ஃப்ளெக்ஸ் வேணும்"னு படத்தோட அனுப்பியிருக்காரு. அதுக்கு எங்க கடைப் பேர்ல போன பதில்: "உங்கள் இல்ல விழாவில் பங்கேற்பதில் மகிழ்ச்சி! அடுத்த முறையும் எங்களையே நாடுங்கள்!" டீக்கடையில இருந்து வந்துதான் அதைப் பாத்தேன். போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். மனுசன் திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

"பரவாயில்லைங்க. ஆனா அப்பாவுக்கு அடுத்த முறை இல்லைங்களே."

இவரு யாரு?

இதைச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் சுத்தி வளைச்சேன். திராட்சைத் தோட்டத்துல கொடி கழிக்க, கவாத்து வெட்டப் போற ராசாத்தி அக்காவோட வீட்டுக்காரரு கருப்பசாமி, மாரடைப்புல போயிட்டாரு. மனுசனுக்குப் படம் எடுக்கிற பழக்கமே கெடையாது. அவரு மக கல்யாணத்துல நான் எடுத்த ஒரே ஒரு படம்தான் இருந்துச்சு, அதுவும் மங்கலா. பதினாறாம் நாள் கருமாதிக்கு அதைப் பெருசாக்கி, பிரேம் போட்டு நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். படம் அம்புட்டுத் தெளிவு. சொந்தக்காரக முன்னாடி, பெருமையா ஸ்டூல்ல தூக்கி வச்சேன்.

கருப்பசாமிக்கு மாறுகண்ணு. ஒரு கண்ணு நம்மளைப் பாத்தா இன்னொன்னு வேற எங்கனயோ பாக்கும். ஏஐ அதைக் கோளாறுன்னு நெனச்சு நேராக்கிருச்சு. மிஷினை விடுங்க, அது அவரைக் கண்டதில்லை. கேமராவுக்குள்ள கண்ணை வச்சு அவரைப் படம் எடுத்தவன் நான். எனக்குமா தெரியாமப் போச்சு? மாலையைக் கையில வச்சுக்கிட்டு அந்தக்கா ரொம்ப நேரம் படத்தையே பாத்தாக. அப்புறம் மாலையைத் தரையில வச்சுட்டாக.

"அவரு ஒரு கண்ணு என்னையப் பாக்கும், ஒரு கண்ணு கதவைப் பாக்கும். இவரு யாருய்யா, ரெண்டு கண்ணாலயும் என்னையப் பாக்குறாரு?"

முருகேசுவரி வீட்டுல

படத்தைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு, நேரா முருகேசுவரி வீட்டுக்குப் போனேன். அங்கன அது ஒரு லேப்டாப்பை வச்சுக் கல்யாணப் பத்திரிகை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்தா, நான் வச்சிருக்கிற அதே ஏஐ. நடந்ததைச் சொன்னேன். திட்டும்னு பாத்தேன், தண்ணி குடுத்துச்சு. கருப்பசாமி மககிட்ட போன்ல பேசி, "அப்பாவுக்கு எந்தக் கண்ணும்மா? இடது பக்கமா?"ன்னு கேட்டுக்கிட்டு, என் செல்லுல இருந்த பழைய படத்தை வாங்கி, கண்ணை மட்டும் தொடாம மத்ததைத் தெளிவாக்குச்சு. பத்து நிமிசம் ஆகலை. மறுபடி மகளுக்கு அனுப்பி, சரின்னு பதில் வந்த பெறகுதான் என்கிட்டக் குடுத்துச்சு.

"தப்புப் பண்ணிட்டேம்மா, திரும்பி வந்துரு"ன்னு கேட்டேன். இந்தத் தடவை மொகத்தைப் பாத்துத்தான் கேட்டேன். அது லேப்டாப்பை மூடி வச்சுச்சு.

"காலையில எனக்கு இங்கன வேலை இருக்குண்ணே, மதியத்துக்கு மேல வர்றேன். ஆனா அந்தக்காகிட்ட படத்தை நீங்கதான் கொண்டுபோயிக் குடுக்கணும்."

படம் போன வீடு

போனேன். புதுசாப் பிரிண்ட் போட்டு, அதே பிரேம்ல மாட்டிக் கொண்டுபோயி வாசல்லயே நின்னேன். ராசாத்தி அக்கா படத்தை வாங்கி மடியில வச்சு, முந்தானையால கண்ணாடியைத் தொடைச்சாக. பெறகு தலையைத் திருப்பிக் கதவைப் பாத்தாக, மறுபடி படத்தைப் பாத்தாக. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"இவருதான்யா. நான் இங்கன ஒக்காந்திருக்கேன், பாரு, இன்னும் அந்தக் கதவைத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு."

இப்ப எங்க கடையில காலையில ஏஐ வேலை பாக்குது, மதியத்துக்கு மேல முருகேசுவரி வந்து அதை வேலை வாங்குது, நான் ரெண்டு வேளையும் வெக்கப்பட்டுக்கிட்டுக் கல்லாவுல ஒக்காந்திருக்கேன்.