பைப்பில் படிந்த கை

பம்மலில் மூடிக் கிடந்த ஒரு தோல் தொழிற்சாலைக்குப் பின்தெருவில், மாடிப் போர்ஷனில் சரளா தனியாகக் குடியிருந்தாள். தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் வேலை. இரவெல்லாம் அமெரிக்காக்காரர்களோடு ஃபோனில் பேசிவிட்டு, விடிந்ததும் கம்பெனி வேனில் வந்து இறங்குவாள். தெரு விழிக்கிற நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

சிக்குன்குனியா வந்து போன வருஷம்தான் தன் உடம்பைப் பற்றி அவள் முதன்முதலாக யோசித்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை; லாரித் தண்ணீர் ஒரு குடம் பிடித்து மாடிக்குத் தூக்க முடியவில்லை. கீழ்ப் போர்ஷனில் தையல் மிஷின் போட்டிருந்த யூனிஸ் அக்காதான் தினமும் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போவாள். வாசலில் அந்தக் குடத்தைப் பார்க்கும்போதெல்லாம் சரளாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் ஆபீசில் யாரோ நெட்டில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கம்பத்தில் ஏறித் தலைகீழாகச் சுழன்றாள். பார்த்தவர்கள் அவள் உடையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். சரளா பார்த்தது அந்தப் பெண்ணின் தோள்களை. மொத்த உடம்பையும் இரண்டு கை தாங்கிக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு வந்தும் அது கண்ணிலேயே நின்றது.

திருமுடிவாக்கத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருந்த ஜெயவேலுவிடம் சொல்லி, ஹால் நடுவில் தரைக்கும் கூரைக்குமாக ஒரு எவர்சில்வர் பைப்பைப் பொருத்தினாள். எதற்கு என்று கேட்டார். எக்ஸர்சைஸுக்கு என்றாள். அவர் அதைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "தொங்குனாலும் தாங்கும் மேடம். மேல் சிலாப்பு பேந்து வந்தாதான் இது வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வேன் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பழகினாள். கை வியர்க்காமலிருக்க சாக்பீஸைப் பொடித்துப் பூசிக்கொள்வாள். உள்ளங்கை காய்த்துப்போயிற்று. தொடையெல்லாம் கன்றிக் கறுத்தது. முதலில் ஒரு மூச்சு நேரம்கூடத் தொங்க முடியவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பாதி உயரம் ஏறினாள். குடத்தைத் தானே தூக்க ஆரம்பித்த அன்று யூனிஸ் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

மே மாதத்தில் விழுந்தாள். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. உச்சியில் கால் பிடி வழுக்க, மொத்தக் கனமும் இடது கையில் இறங்கியது. தோளுக்குள் ஏதோ நழுவியதைத் தரையில் விழுவதற்கு முன்பே அவள் உணர்ந்தாள். சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த யூனிஸ் அக்கா பைப்பையும் அரைக்கால் சட்டையையும் பார்த்தாள். ஒரு நைட்டியை எடுத்து அவள்மேல் போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

நழுவிய தோள்மூட்டை மறுபடி பொருத்திவிட்ட டாக்டர், உள்ளே தசைநாரும் கிழிந்திருப்பதாகச் சொன்னார். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் ஸ்லிங்கில் போட்டு, அசைக்கவே கூடாது என்றார். வலிக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார். சரளா லீவ் போட்டாள். ஆனாலும் பழகிய உடம்பு பகலில்தான் தூங்கியது.

காயம் ஆறவில்லை. வாரங்கள் போகப் போக வலி கூடியது. கையை உபயோகிக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். அவர் நம்பாத மாதிரி பார்த்தார்.

அந்த வாரம்தான் அவள் பைப்பைக் கவனித்தாள். தன் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், சாக்பீஸ் பொடியில் வெள்ளையாக ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது. பழைய தடம் என்று நினைத்து, ஸ்டூல் போட்டு ஏறி வலது கையால் துடைத்தாள். மறுநாள் சாயங்காலம் எழுந்தபோது அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. கட்டைவிரல் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். இடது கை.

கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஜன்னலுக்கு கிரில். அவள் தன் இடது உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். ஸ்லிங்குக்குள்ளேயே இருந்த கை. அதில் எவர்சில்வர் வாடை அடித்தது.

யூனிஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் சரளா தூங்கும்போது அக்கா ஹாலில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சரளா எழுந்தபோது துணி கீழே கிடந்தது. அக்கா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"நீதாம்மா ஏறுன" என்றாள். "ஸ்லிங்க அவுத்து மடிச்சி வச்சிட்டு ஏறுன. கண்ணு தொறந்துதான் கீது, ஆனா என்னப் பாக்கல. மேல போயி தலகீழா நின்னுகினு இருந்த. ஒரு சத்தம் இல்ல, மூச்சு வாங்கல. அப்பறம் எறங்கி வந்து, நீயே ஸ்லிங்க மாட்டிகினு படுத்துட்ட."

சரளாவுக்கு நம்ப முடியவில்லை. தலைகீழாக நிற்க அவள் இன்னும் கற்றுக்கொள்ளவே இல்லை. முயற்சி செய்துதான் விழுந்திருந்தாள்.

டாக்டர் தூக்க மாத்திரையை நிறுத்தினார். சில பேருக்குத் தூக்கத்தில் நடக்கிற மாதிரி ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதோடு விடாமல் சரளா ஜெயவேலுவை வரவழைத்துப் பைப்பைக் கழற்றச் சொன்னாள். அவர் அதை பாத்ரூம் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுப் போனார். தரையில் நான்கு போல்ட் ஓட்டை மட்டும் மிச்சம்.

மறுநாள் சரளா நிம்மதியாகத் தூங்கினாள். குடம் வைக்க வந்த யூனிஸ் அக்கா, சரளா உள்தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டுக் கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நல்ல வெயில் நேரம். ஹால் நடுவில், அந்த ஓட்டைகளுக்கு மேலே, சரளா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வெறும் காற்றைப் பிடித்திருந்தன. விரல்கள் இறுகி வெளுத்திருந்தன. குதிகால் இரண்டும் தரையிலிருந்து எழும்பி, பெருவிரல் நுனி மட்டும் பட்டும் படாமலும் இருந்தது. எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஒரு மனுஷி அப்படி நிற்க முடியுமா என்று அக்கா பின்னால் பலமுறை கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் குடத்தை மெதுவாக இறக்கி வைத்து, பின்னாலிருந்து அவள் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னபோது, கனமே இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கனம் வந்தது.

அன்று சாயங்காலம் சரளா தரையில் உட்கார்ந்து அந்த நான்கு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். கடைசியில், "பைப்ப மறுபடியும் மாட்டிடலாங்க்கா. நான் கத்துக்கொடுக்கலன்னா இந்த ஒடம்பு அது பாட்டுக்குக் கத்துக்கும் போல இருக்கு" என்றாள்.

பிசியோதெரபி எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகச் செய்தாள். சுவரில் விரலால் ஏறுவது, ரப்பர் பட்டையை இழுப்பது. தோள் கொஞ்சம் இறுகியதும், மறுபடி மாட்டியிருந்த பைப்பிடம் வந்தாள். ஏறவில்லை. இரண்டு காலும் தரையில் இருக்க, இடது கையால் பிடித்து லேசாகச் சாய்ந்து நிற்பாள். அவ்வளவுதான். எழுந்த பிறகு ஒருமுறை, தூங்குவதற்கு முன் ஒருமுறை. கை நடுங்கினால் விட்டுவிடுவாள். யூனிஸ் அக்கா தையலோடு வந்து துணைக்கு உட்காருவாள். விழித்திருக்கும்போது கை எவ்வளவு உழைத்ததோ, தூக்கத்தில் அவ்வளவு அடங்கியது. பைப்பில் மறுபடியும் விழத் தொடங்கியிருந்த தடங்கள் முதலில் கீழே இறங்கின. நெஞ்சுயரம், பிறகு இடுப்புயரம். ஒரு கட்டத்தில் காணவே இல்லை.

அடுத்த வருஷம் அவள் விழித்த கண்ணோடு தலைகீழாக நின்றாள். முகம் சிவந்து, மூச்சு இரைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு. யூனிஸ் அக்கா கை தட்டினாள். நன்றாக இருந்ததா என்று கேட்டதற்கு, "இதுல நீ தெரியுற, அது போதும்" என்றாள்.

பிறகு சரளா பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். குன்றத்தூர்ப் பக்கம் வீடு பார்த்துப் போனபோது பைப்பும் கூடவே போனது. மழைக்காலத்தில் இடது தோள் கடகடக்கும். எண்ணெய் தேய்த்துச் சுழற்றிவிட்டுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே உறங்கும்போது அவள் மட்டும் படுக்காமல் ரேடியோவைப் போட்டுவிட்டு, இருட்டும்வரை ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே இருப்பாள்.