ஒரே துணி கேட்டு வந்த பெண்கள்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பெற்றோல் ஸ்டேஷனில் நின்று உழைத்து, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் புடவைக்கடை போட்டேன். ஒருவர் கதவைத் தள்ளும் விதத்திலேயே அவர் வாங்க வந்தவரா, விலை கேட்க மட்டும் வந்தவரா என்று சொல்லிவிடுவேன். எம்பிஏ படித்தவர்களே என்னிடம் யோசனை கேட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரே கலியாணத்துக்குப் போகிற இரண்டு பெண்களுக்கு ஒரே மாதிரிச் சேலை விற்கக் கூடாது. மண்டபத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு இருவருமே கடைப்பக்கம் வரமாட்டார்கள்.

அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நைஜீரியப் பெண் வந்து மயில்பச்சைச் சரிகைத் துணியில் ஒரு கவுனுக்கு வெட்டச் சொன்னாள். மறுநாள் இன்னொருத்தி, அதே துணி. பிறகு ஒரு தாயும் மகளும், அதே துணி. வேறு நிறத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. எல்லோருடைய போனிலும் அந்தத் துணியின் படம்.

எங்கள் வீதியில் இப்போது ஆபிரிக்க உடுப்புக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கின்றன. நாலு கடை தள்ளி ஒரு நைஜீரிய டிசைனர் புதிதாகத் திறந்திருந்தாள். அவள்தான் ஆள் வைத்து என் துணியைச் சேர்க்கிறாள், இரட்டை விலைக்கு விற்கப்போகிறாள் என்று முடிவு கட்டினேன். மிச்ச ரோலைப் பின்னறைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுத்து வந்தவளிடம் முடிந்துவிட்டது என்றேன்.

“விக்கிறதுக்குத்தானே கடை? ஒளிச்சு வைக்கிறதுக்கே?” என்றாள் மனைவி.

“உமக்கு வியாபார மூளை இல்லை.”

“ஓம், இல்லைத்தான். வாடகையும் உந்த மூளையே கட்டும்?”

வியாழன் பின்னேரம் டிசைனரே வந்தாள். கண் கலங்கியிருந்தது. “அங்கிள், சனிக்கிழமை ஸ்ட்ரெதம் மண்டபத்தில் கலியாணம். மணமகளின் சித்திமாருக்கு இன்னும் துணி இல்லை. எனக்குக் கிடைத்த முதல் பெரிய கலியாணம் இது. பிழையாகிப் போனால் இனி ஒருவரும் என்னிடம் வரமாட்டார்கள்.”

“எல்லாருக்கும் ஏன் ஒரே துணி?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “ஒரே குடும்பம் என்றால் ஒரே துணிதானே, அங்கிள்! பெண்வீட்டார் யார் என்று சபைக்குத் தெரிய வேண்டாமா? தையல்தான் ஆளுக்கு ஆள் வேறு. அதுதான் என் வேலை.”

தைத்தவற்றைப் போனில் காட்டினாள். ஒன்றில் தோளில் சிறகு போல மடிப்பு. இன்னொன்று இடுப்பை இறுக்கி முழங்காலுக்குக் கீழே விரிந்தது. நேர்த்திதான். ஆனால் போனில் எதையும் காட்டலாம்.

மனைவி பின்னறைக்குப் போய் ரோலைத் தோளில் தூக்கி வந்தாள். “இந்தாங்கோ பிள்ளை. அங்கிளுக்குக் கண் தெரியேல்லை.”

வெட்டிக் கொடுத்தேன், நம்பி அல்ல. சனிக்கிழமை பஸ் பிடித்து, ஸ்ட்ரெதம் மண்டபத்துக்கு எதிரே போய் நின்றேன்.

காரிலிருந்து இறங்கிய பெண்கள் அத்தனை பேரும் மயில்பச்சை. ஒருத்தியும் மற்றவளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை; ஒருவர் கவுனின் கையை மற்றவர் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். சித்திமார் கடைசியாக வந்தார்கள், உயரமான தலைப்பாகையோடு. வீதிக்கு இந்தப் பக்கம் நின்றாலும் என் சரிகை எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை டிசைனர் அடுத்த கலியாணத்துக்கு முழு ரோல் கேட்டு வந்தாள். மிச்சத் துண்டில் எனக்கு ஒரு தொப்பியும் தைத்திருந்தாள். “நீங்களும் நம்முடைய ஆள், அங்கிள்.” தொப்பியைப் புரட்டி உள்தையலைப் பார்த்தேன். பிசகில்லை.

சும்மா ஒருவரும் தொப்பி தரமாட்டார்கள். விலை குறைக்கச் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. குளிர் கூடினால் போட்டுக்கொள்கிறேன்.