கார்புரேட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டுக்கு வேன் வந்த நாளிலிருந்து அம்மா யாரையும் நம்புவதில்லை. அதற்கு முன்னாலும் பெரிதாக நம்பியதில்லை என்றாலும், வேன் வந்த பிறகுதான் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு ஒழுங்குமுறை வந்தது.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் இருக்கும். நான் ஆறாம் வகுப்பு. பத்து வருடம் யாரிடமோ ஓடிக் களைத்த ஒரு வெள்ளை வேனை அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அம்மா பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியிலிருந்தே இன்னும் மூன்று டீச்சர்கள் அதே பள்ளிக்குப் போனார்கள். அப்பா ஆபீஸ் போகும் வழியில் நால்வரையும் இறக்கிவிடுவது, பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. ரிப்பேரைப் பங்கு போடுவது பற்றி யாரும் பேசவில்லை.

முதல் மாதமே ரேடியேட்டர் ஓட்டையாகி, தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அடுத்து, கணக்கு டீச்சர் பக்கவாட்டுக் கதவை இழுத்தபோது அது ரோலரை விட்டுக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "சார், இப்ப என்ன பண்ணணும்?" என்று நடுரோட்டில் நின்றார் பாவம். பிறகு கிளட்ச் பிளேட், பிறகு செல்ஃப் மோட்டார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று அம்மா வாரம் ஒருமுறை சொல்லுவாள்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் இரும்புலியூர் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு மெக்கானிக். எல்லோருக்கும் அவர் பாய். அவர் புதுசு மாற்றியதாகச் சொல்லிப் பழைய சாமானையே மாட்டிவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? இதற்காக அம்மா ஒரு சட்டம் போட்டாள். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய சாமான் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அப்பா அதை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவளுக்கு ஒன்றும் புரியாது. பார்த்து முடித்ததும் அது மாடிப்படிக்கு அடியிலிருந்த சிமெண்ட் சாக்குக்குள் போய்ச் சேரும்.

இரண்டாம் வருடம் ஒரு விசித்திரம் நடந்தது. வண்டி நடுவழியில் நிற்பது நின்றுபோனது. ஆனால் செலவு நிற்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்பா பேப்பர் பொட்டலத்தோடு வந்தார். வாட்டர் பம்ப் என்பார், டைனமோ என்பார்.

"நிக்காத வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு வைத்தியம்?"

"நின்னப்புறம் பாத்தா டபுள் செலவும்மா."

பாய் அப்பாவை நன்றாக மொட்டை அடிக்கிறார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அப்பாவை ஏமாற்றுவது சுலபம் என்பதற்கு அவளிடம் ஒரு பழைய சாட்சியும் இருந்தது. அது அத்தையின் கல்யாணம். அம்மாவின் ஆறு வளையல்களை அடகு வைத்து அப்பா தன் தங்கைக்குச் செய்துவைத்த கல்யாணம் அது. வளையல்கள் திரும்பி வரவில்லை. அத்தையோ மூன்றாம் வருடம் புருஷனின் அடி தாங்காமல் வெளியே வந்துவிட்டாள். "இனிமே அந்தப் பக்கம் ஒரு பைசா போகக்கூடாது" என்று அம்மா சொன்னதாகவும், அப்பா தலையாட்டியதாகவும் கேள்வி. அப்போது எனக்கு நாலு வயது. அதற்குப் பிறகு நான் அத்தையைப் பார்க்கவில்லை. எங்கோ தனியாக இருக்கிறாள், இந்த வயதில் பி.எட். படிக்கிறாள் என்று அம்மா போனில் பெரியம்மாவிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டதோடு சரி.

ஒட்டுக்கேட்பது அப்போது என் தொழில். துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் 'வேன் கேஸ்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

முதல் சந்தேகம், ட்ரயல். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் வண்டியை ஒரே மூச்சில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பாய் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு பக்கம் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளம்புவார். ட்ரயல் எப்போதும் ஊரப்பாக்கத்தில் முடியும். ஸ்டேஷன் பக்கத்துச் சந்து முனையில் நிறுத்தி, "வண்டியப் பாத்துக்கோ, இதோ வந்துடறேன்" என்று உள்ளே போவார். பத்து நிமிஷத்தில் திரும்பி வரும்போது கையில் கடலை உருண்டைப் பொட்டலம் இருக்கும். நோட்டுத் தாளில் நீல மையால் ஏதேதோ எழுதியிருக்க, அதில் சுற்றியிருக்கும்.

"சாப்பிடு. வெல்லம் கம்மிதான்."

எந்தக் கடையில் நோட்டுத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள்? எனக்கு உறைத்தது. இங்கே பாய்க்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், திருட்டு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவன், அப்பாவின் வாயை இனிப்பால் அடைக்கிறான் என்று நோட்டில் எழுதினேன். ஒருமுறை சந்துக்குள்ளிருந்து நீலப் புடவை கட்டிய ஒரு பெண் வந்து, கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளையும் எழுதிக்கொண்டேன். உருண்டைகளை நான் தொடவே இல்லை. துப்பறிகிறவள் எதிரி கொடுப்பதைச் சாப்பிடலாமா? தடயம் என்று என் ஜாமெட்ரி பாக்ஸில் பத்திரப்படுத்தினேன். எறும்பு மொய்த்து அம்மா தூக்கிப் போட்டாள். அடுத்த பொட்டலத்தையும் அப்படியே வைத்தேன்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷால் கைக்கு எட்டிய சாமான்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். பாய் எதையாவது கழற்றினால் என் பொட்டோடு வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் திருடன்.

மூன்று வாரத்தில் கார்புரேட்டர் போய்விட்டது என்றார் அப்பா. நாலாயிரத்து ஐநூறு. அம்மா பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை பழைய கார்புரேட்டர் பேப்பரில் சுற்றி வந்தது. திருப்பிப் பார்த்தேன். பொட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா குளிக்கப் போன நேரம் அம்மாவைக் கூட்டிப்போய்ச் சீட்டைத் தூக்கச் சொன்னேன். என் கார்புரேட்டர் அதன் இடத்திலேயே, சிவப்புப் பொட்டு கொஞ்சம் கறுத்துப்போய், உட்கார்ந்திருந்தது. அம்மா என்னை அப்படிக் கட்டிக்கொண்டது அதற்கு முன்னால் எப்போது என்று நினைவில்லை.

அப்பா ஈரத் தலையோடு வந்து விஷயத்தைக் கேட்டார். "விடும்மா, நாளைக்கு நான் போய்க் கேக்கறேன்" என்றார்.

"நீங்க கேட்டு கிழிச்சீங்க. கிளம்புங்க."

அதே வேனில் போனோம். பாய் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அம்மா பொட்டலத்தைப் பிரித்து அவருடைய டூல்ஸ் பெட்டி மேல் வைத்தாள்.

"இது எந்த வண்டி சாமான் பாய்?"

"இன்னா மேடம் இப்டி கேக்கிறீங்கோ? உங்க வண்டிதுதான்."

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். நான் சீட்டைத் தூக்கிப் பொட்டைக் காட்டினேன். பாய் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாப்பா வெச்சதா?" என்றார். கோபமே இல்லை. பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் தொங்கிய ஃபேன் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தலீங்க மேடம்" என்றார் பாய். "பழசையே கழுவி மாட்டிட்டேன். தப்புதான்."

"உங்கள எவ்வளவு நம்பினோம்!" என்றாள் அம்மா. எனக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

பாய் மேஜை டிராயரில் இருந்ததையும் சட்டைப் பையில் இருந்ததையும் எடுத்து நீட்டினார். பாக்கியை வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து தருவதாகச் சொன்னார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "வேணாம் பாய். இருக்கட்டும்."

"வாங்கிக்கோ சார்" என்றார் பாய். "மேடம் எதிர்ல இன்னா இது. வாங்கிக்கோ."

அம்மா வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை வேனிலேயே மூன்று டீச்சர்களுக்கும் கதை சொல்லப்பட்டது. அவர்கள் வீட்டு ஸ்கூட்டர்களும் பாயிடம் போவதை நிறுத்திக்கொண்டன. எங்கள் வண்டிக்குப் புது மெக்கானிக் வந்தார். அதன்பிறகு ஆயில் மாற்றுவதைத் தவிர அதில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. நாலு வருடம் முணுமுணுக்காமல் ஓடியது. திருடன் தொலைந்தான், வண்டி தேறியது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். நானும் நோட்டில் 'கேஸ் முடிந்தது' என்று எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், "அப்பா, ட்ரயல் போகலையா?" என்று கேட்டேன்.

"வண்டிதான் நல்லா இருக்கேம்மா" என்றார் அப்பா.

போன வருடம் ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். கிரகப்பிரவேசத்துக்கு அத்தையும் வந்திருந்தாள். அம்மாவும் அவளும் எப்போதோ ராசியாகிவிட்டார்கள். அத்தை இப்போது ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. பால்கனியில் நின்று ஸ்டேஷன் பக்கம் கைகாட்டி, "அந்தச் சந்துலதான் நான் குடியிருந்தேன். உங்கப்பா வேன் ரிப்பேர்ல தான் நான் பி.எட். படிச்சேன், தெரியுமா?" என்று சிரித்தாள். எனக்குத் தெரியாது. பாய் தன் கொட்டகைக் குப்பையிலிருந்து பழைய சாமான்களைப் பொறுக்கிக் கொடுத்ததும் தெரியாது. அந்த நாலாயிரத்து ஐநூறை அப்பா பாய்க்குத் திருப்பிக் கொடுக்க ஒரு வருடம் ஆனதும் தெரியாது.

"அந்தக் கார்புரேட்டர்தான் மாட்டிக்கிச்சு. அந்தப் பணம் அதுக்குள்ள காலேஜ் ஃபீஸுக்குப் போயிடுச்சு. அதோட ரிப்பேரும் நின்னுபோச்சா, அந்த வருஷம் பரீட்சைக்குப் பணம் கட்ட முடியல. அடுத்த வருஷம் எழுதினேன். ஒரு வருஷம்தானே, விடு. அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதே, அவங்களுக்கு அந்தக் கேஸ்ல ரொம்பப் பெருமை."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பொட்டு வைத்தது யார் என்று அத்தைக்குத் தெரியுமா என்று கேட்கவும் துணிவில்லை. அத்தை வேறொன்றைக் கேட்டாள்.

"கடலை உருண்டை குடுத்தனுப்புவேனே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்தை. ரொம்ப நல்லா இருந்துது."

"வெல்லம் கம்மியாதான் போடுவேன்" என்றாள் அத்தை. "உனக்குக் கடவாய்ப் பல்லு சொத்தைன்னு அண்ணன் சொல்லியிருந்தாரு."