வேல்ஸ் ஓவியர்களும் என் இடது கண்ணும்

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியறையில் உட்கார்ந்தே செய்கிறேன். புத்தகத்தில் வரும் படங்களின் நிறம் அச்சில் கெடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சமையல், பறவைகள், தோட்டக்கலை என்று எத்தனையோ புத்தகங்கள் என் கையைக் கடந்து போயிருக்கின்றன. எதுவும் மனதில் தங்கியதில்லை. வேல்ஸ் நாட்டு நவீன ஓவியர்களைப் பற்றிய புத்தகம் மட்டும் வேறு மாதிரி ஆனது.

வேல்ஸ் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மேப்பில் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்துக்கு மேற்கே, கடலைப் பார்த்து முட்டிக்கொண்டு நிற்கும் சின்ன நாடு. அந்தப் படங்களில் வெயிலே இல்லை. கருத்த மலைகள், சிலேட்டுக்கல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சக் கல்லைக் கொட்டி வைத்த குன்றுகள், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஜெபம் முடிந்து கறுப்புக் கோட்டோடு வெளியே வருகிற கிழவர்கள். சில ஓவியர்கள் தூரிகையைத் தொடவே இல்லை. பெயின்டைக் கத்தியால் அள்ளி அப்பியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கொத்தனார் கரணை இழுத்த தடம் மாதிரியே தெரியும். என் அப்பா கட்டட வேலைக்குப் போனவர். புதுப் பூச்சில் கரணைத் தடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனாலோ என்னவோ அந்தப் படங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன.

ஒரு படத்தில் மலையடிவாரத்தில் சிறிய தேவாலயம். சிலுவையோ கோபுரமோ எதுவும் இல்லாத வெறும் சுவர். அந்தச் சுவரின் ஓரம் நடுவில் வயிறு வைத்ததுபோல் வளைந்திருந்தது. ஸ்கேன் செய்யும்போது படம் நெளிந்துவிட்டது என்று நினைத்து, சென்னையில் இருக்கும் எங்கள் டீம் லீடருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"நேராத்தானே இருக்கு? கோடு போட்டுப் பாருங்களேன்."

திரையில் சுவரோரமாக ஒரு நேர்கோடு இழுத்தேன். அந்தக் கோடும் வளைந்தது.

முதலில் மானிட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்வையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியும் அதே இடத்தில் வளைந்தது. இடது கண்ணைப் பொத்தினேன், கம்பி நேரானது. வலது கண்ணைப் பொத்தினேன். கம்பி வளைந்தது மட்டுமில்லை, நடுவில் எண்ணெய்க் காகிதம் ஒட்டியதுபோல் ஒரு வட்டம், அதற்குள் எல்லாமே மங்கல். எதிர்வீட்டு மாடியில் காய்ந்த சிவப்புத் துண்டு அந்த வட்டத்துக்குள் செங்கல் பொடி நிறத்தில் கிடந்தது.

அந்த மதியம் நான் வேலை எதுவும் செய்யவில்லை. கண்ணை மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்த முறை சரியாகிவிட்டிருக்கும் என்று கையை எடுப்பேன். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கேட்டும் கேட்காத அந்தச் சத்தம் அன்று மண்டைக்குள் இறங்கியது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? இந்தக் கண்ணோடு எத்தனை பக்கங்களைச் சரி என்று அனுப்பினேன்? இன்னொரு கண்ணுக்கும் வருமா? எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

என் மனைவி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி மாடிக்கு வந்தவள், விளக்குக்கூடப் போடாமல் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பையை அப்படியே கீழே வைத்தாள்.

"இன்னாங்க, ஒரு கண்ண மூடிக்கினு உக்காந்துக்கினு இருக்கீங்க?"

சொன்னேன். ஜன்னல் கம்பியைக் காட்டினேன். அவள் தன் கண்களையும் ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பிடித்து இடது கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"வெளிய ஒண்ணும் தெரியல. சிவக்கக்கூட இல்ல. நாளிக்கு நான் லீவு போடறேன். போலாம்."

"ஒண்ணும் இருக்காதுமா. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

"சரியாச்சுன்னா ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து திரும்பி வந்துக்கலாம். கம்முனு சாப்பிடுங்க."

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். மருந்து ஏற ஏற வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. எதிரே சுவரில் இருந்த எழுத்துகள் கரைந்து போயின. முழுக் குருடாவது இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று தோன்றியதும் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். அவள் கை சில்லென்று இருந்தது. அவளும் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் எங்கள் வயதுக்காரப் பெண். கண்ணுக்குள் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் காட்டினார். அடுக்கடுக்கான கோடுகள், அவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன மேடு.

"விழித்திரைக்குக் கீழ தண்ணி சேர்ந்திருக்கு. மேடு இருக்கிற இடத்துலதான் கோடு வளையுது, கலர் மங்குது. நெறைய பேருக்குத் தானாவே வடிஞ்சிடும். சில மாசம் ஆகும்."

"வடியலைன்னா?" என்று நான் கேட்க நினைத்ததை மனைவி கேட்டாள்.

"வைத்தியம் இருக்கு. இப்பவே அதை யோசிக்க வேணாம். இவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை மனைவி பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார்.

"ஸ்டீராய்டு இது. இதனாலயும் வரலாம். இத்தோட நிறுத்துங்க. அப்புறம், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. டென்ஷன் இருந்தா இது சீக்கிரம் வடியாது."

கவலைப்பட்டால் குணமாகாது என்று கேட்ட மனிதன் என்ன செய்வான்? கவலைப்படுகிறேனே என்று கவலைப்படுவான். நான் அதைத்தான் செய்தேன். கோடு வளைகிறதா என்று தினமும் காலையில் பார்க்கச் சொல்லி, கட்டம் போட்ட ஒரு காகிதம் கொடுத்தார்கள். நான் அதைக் குளிக்கும் முன்பும் பின்பும் பார்த்தேன், சாப்பிடும் முன்பும் பின்பும் பார்த்தேன். ஒருநாள் மனைவி அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். காலையில் மட்டும் எடுத்துக் கொடுப்பாள்.

அலுவலகத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. நிறம் பார்க்கிறவன் கண்ணில் கோளாறு என்றால் அடுத்த நாளே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் கூப்பிட்டேன். டீம் லீடர் முழுக்கக் கேட்டார்.

"வலது கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க மேடம்."

"அப்ப நீங்களே பாருங்க. நம்ம டீம் தம்பி ஒருத்தர் ரெண்டாவது தடவை செக் பண்ணட்டும். அந்த ஆத்தர் உங்க பக்கங்கள்ல ரொம்பத் திருப்தியா இருக்காங்க."

நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த நிம்மதி ஒரு வாரத்துக்குமேல் நீடிக்கவில்லை. செக் செய்கிற அந்த இளைஞன் சென்னையிலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணா, அந்தக் குவாரிப் படம் ரொம்ப இருட்டா இருக்குதுண்ணா. மலை எது, கல் எதுன்னே தெரியல. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏத்திடலாமா?"

அது சிலேட்டுக் குன்றுகளின் படம். அந்த ஒரு படத்துக்குத்தான் சரியான புகைப்படம் இல்லை. எப்போதோ எடுத்த பழைய ஸ்லைடு. அதுவும் நிறம் மாறிப்போனது. அசல் ஓவியம் இறந்துபோன ஓவியரின் மகள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பற்றிப் புத்தக ஆசிரியர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, நான் கையால் ஒவ்வொரு பகுதியாக இருட்டைக் கூட்டியிருந்தேன். இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அந்த இருட்டு ஓவியத்தில் இருப்பதா, என் கண்ணில் இருப்பதா? இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் சரியாக இருந்தது. ஆனால் செய்தபோது இரண்டு கண்ணும் திறந்திருந்தனவே. வலது கண்ணையும் நான் நம்பவில்லை.

டீம் லீடர் ஆசிரியரோடு வீடியோ காலுக்கு ஏற்பாடு செய்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய வயதான பெண்மணி. வேல்ஸ் ஓவியர்களைப் பற்றி வேறு சில புத்தகங்களும் எழுதியவர். என் கண்ணைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். முதலில் அதைத்தான் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கித் தன் பயத்தைச் சொன்னார். முன்பு வந்த ஒரு புத்தகத்தில் இதே படத்தை யாரோ பளிச்சென்று ஆக்கி அச்சிட்டுவிட்டார்களாம். ஓவியரின் மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இது என் அப்பாவுடைய மலை இல்லை என்று சொல்லிவிட்டாராம். இந்தப் புத்தகத்துக்கு அவர் அனுமதி கொடுத்ததே பெரிய விஷயம்.

"தண்ணீர் பட்ட சிலேட்டு எப்படி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதுதான் நிறம். ஆனால் எங்கள் சிலேட்டு வெறும் கறுப்பு இல்லை. உள்ளே ஒரு ஊதா இருக்கும். பழத்தோலில் இருக்கிற மாதிரி," என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைத்தெருவில் இரண்டு ஸ்டேஷனரிக் கடைகளில் பிளாஸ்டிக் சிலேட்டுதான் இருந்தது. மூன்றாவது கடையில் மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு கிடைத்தது. மாடிக் குழாயடியில் அதை நனைத்து வெயில் படாத இடத்தில் பிடித்தேன். சாம்பல் நிறம் கறுப்பானது. வலது கண்ணால் பார்த்தேன், இடது கண்ணால் பார்த்தேன். ஊதா எங்கேயும் இல்லை.

"ஏம்மா, இதுல ஊதா தெரியுதா?"

மனைவி வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். "இல்லியே. இது கறுப்புதான்."

எனக்கு இருந்த கலக்கத்தில், அவளுக்கும் தெரியவில்லை என்பது கூட நல்ல செய்தியாகப் பட்டது. அவளை மானிட்டர் முன்னால் உட்கார வைத்து, படத்தைத் திறந்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மழ பேஞ்சி வுட்டுருக்குது," என்றாள். "இந்தக் கல்லுங்க எல்லாம் இன்னும் காயல. கீழ இருக்குற கல்லு ஒரு மாதிரியா இருக்குதுங்க. நாவப்பழம் தின்னா நாக்குல ஒட்டிக்கினு இருக்குமே, அந்தக் கலரு. மேல இருக்குறது வெறும் கறுப்பு."

கீழ்ப்பகுதியில் அந்த ஊதாவை நான் வைத்திருந்தேன். மேலே வைக்க விட்டுப்போயிருக்கிறது. அவள் கண்ணுக்கும் ஈரக் கல்தான் தெரிகிறது என்றால், இருட்டு என் கண் செய்த தவறு இல்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மேல்பகுதியிலும் ஊதாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். "போதும், போதும், கத்திரிக்கா ஆவப்போவுது," என்று அவள் சொன்ன இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

சென்னைத் தம்பியிடம் வெளிச்சம் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். "ஆத்தர் ஓகே சொன்னா சரிண்ணா," என்றான். ஆசிரியர் அந்தப் பக்கத்தின் மாதிரி அச்சை ஓவியரின் மகளிடம் எடுத்துப் போகப் போவதாக எழுதினார். அதற்குப் பிறகு பல நாட்கள் ஒரு தகவலும் இல்லை. நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் வந்த மின்னஞ்சல் சின்னதுதான். மலை சரியாக இருக்கிறதாம். வானம் மட்டும் கொஞ்சம் சுத்தமாகிவிட்டதாம், அப்பாவின் வானம் இன்னும் அழுக்காக இருக்கும் என்று மகள் சொன்னாராம். அன்று மாலையே வானத்தை அழுக்காக்கி அனுப்பினேன்.

புத்தகம் அச்சாகி, எனக்கும் ஒரு பிரதி வந்தது. அதற்குள் கண்ணில் இருந்த நீர் பெரும்பாலும் வடிந்துவிட்டது. கம்பிகள் நேராகிவிட்டன. நிறம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இடது கண்ணால் மட்டும் பார்த்தால் சிவப்பு இன்னும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரிகிறது. மறுபடி வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

போன மாதம் டீம் லீடர் கூப்பிட்டார். அதே ஆசிரியர் இன்னொரு புத்தகம் எழுதியிருக்கிறாராம். வேல்ஸ் கடற்கரையை மட்டும் வரைந்த ஒரு பெண் ஓவியரைப் பற்றியது.

"முழுக்கக் கடல்தான். சாம்பலும் பச்சையும். உங்களைத்தான் கேட்கறாங்க. முடியுமா?"

போனைக் கையில் மூடிக்கொண்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், "கடலுதானே? சிலேட்டு மாதிரி அதயும் ஞாயித்துக்கெயம வாங்கிக்கினு வந்து காட்டுங்க, நானும் பாக்கறேன்," என்றாள்.

"செய்யறேன் மேடம்," என்றேன்.