எல்லோரும் அண்ணன்தான்

திருப்பதியில் ஓர் இளைஞர் மன்றத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஆள் பிடிப்பது. பையன்களும் பெண்களும் சேர்ந்து மலையேறி, கூடாரம் போட்டுத் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பும் முகாம். பையன்கள் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். பெண்கள் பக்கம் காலியாகக் கிடந்தது. அதனால் என்னைப் புத்தூர், நாராயணவனம் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நானும் அந்தப் பக்கத்துத் தமிழ்க்காரிதான், பேச்சு எடுபடும் என்று நினைத்தார்கள்.

கேபிள் டிவி ஊருக்குள் நுழைந்திருந்த சமயம். அப்பாக்களில் பாதிப் பேர் மெட்ராஸிலும் பெங்களூரிலும் கட்டட வேலையில் இருந்தார்கள். வீட்டு முடிவுகள் எஸ்டிடி பூத்தில் நடந்தன. நான் பதில்களைத் தயார் செய்துகொண்டு போவேன். பெண்களுக்குத் தனிக் கூடாரம், கூடவே டீச்சர்கள், குளிக்கத் தனி மறைப்பு. இதையெல்லாம் யாரும் கேட்கவே மாட்டார்கள். மலையிலிருந்து என்ன கொண்டு வருவோம் என்றுதான் கேட்பார்கள். விறகுக்கும் சீதாப்பழத்துக்கும் அவர்கள் அம்மாக்கள் ஏறிய மலை அது. ஒன்றும் கொண்டுவர மாட்டோம், சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்றால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். யோசித்தால் எனக்கே அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நாராயணவனம் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டதற்கு மட்டும் நான் பதில் தயார் செய்திருக்கவில்லை.

"வர்ற பசங்கள நாங்க இன்னா மொற வெச்சி கூப்புடறது மேடம்?"

வகுப்பு சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். எங்கள் ஊர்களில் ஒரு பையன் அண்ணன் தம்பி முறையாக இருப்பான், இல்லையென்றால் கட்டிக்கொள்ளும் முறையாக இருப்பான். இரண்டிலும் சேராதவனைக் கூப்பிட வார்த்தையே கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றால் வீட்டில் ஒரு பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள். முகாமில் எல்லாப் பையன்களும் அண்ணன், எல்லாப் பெண்களும் தங்கச்சி, அதுதான் ரூல் என்று அடித்துவிட்டேன். அப்படி ஒரு ரூல் அந்த நிமிஷம் வரை கிடையாது. எல்லோருமா என்று அவள் மறுபடி கேட்டாள். எல்லோரும்தான் என்றேன்.

அவளுக்குப் பத்தாவது முடித்ததும் திருப்பதியில் தங்கி காலேஜில் இன்டர் படிக்க ஆசை என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா வேறொன்று சொன்னார். பரீட்சை முடிந்ததும் அத்தை மகனுக்குப் பேசி வைத்திருக்கிறதாம். பையன் ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகுகிறான், கெட்ட பழக்கம் கிடையாது. பெண் சுவரோரமாக நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகாமுக்கு அனுப்புவதாக இருந்தால் அவனும் கூடவே வரவேண்டும் என்றார் அம்மா. கட்டிக்கப் போகிறவன் துணைக்கு இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? எனக்கு ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் லாபம். சரி என்று தலையாட்டினேன்.

முகாமின் முதல் காலையில் மற்றப் பெண்களுக்கு அண்ணா என்ற சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. இவள் மட்டும் தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி நேராக அந்த அத்தை மகனிடம் போனாள்.

"அண்ணா, வந்து துன்னுங்க."

அவன் ஊர்ப் பையன்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் கேட்க ஒருத்தி அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் அவன் அவளுக்கு மாப்பிள்ளை ஆகமுடியாது, முறை கெட்டுப்போகும். அவள் அன்று முழுக்கக் கூப்பிட்டாள். கயிறு கேட்க அண்ணா, குடத்தைத் தூக்கிவிட அண்ணா. அவன் காது சிவந்துபோய் வாயே திறக்காமல் திரிந்தான். வகுப்பில் அந்தக் கேள்வியை இதற்காகவேதான் கேட்டாளா? அவளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். எனக்கோ அவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்தாக வேண்டியிருந்தது.

மறுநாள் ஓடையோரமாக ஏறும்போது பாசி பிடித்த பாறை ஒன்று குறுக்கே வந்தது. அவன் முதலில் ஏறி, ஒவ்வொருவராகக் கைகொடுத்து மேலே இழுத்தான். அவள் முறை வந்தது. அவன் கையை நீட்டினான். அவள் பிடிக்காமல் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கைய குடு தங்கச்சி. வழுக்குது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஏறியதும் அழுதாள். அவனுக்கு அவள்மேல் ஆசை இருந்திருக்குமோ என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. அவன் அடுத்தவருக்குக் கைநீட்டப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவள் அம்மா மன்றத்துக்கே வந்துவிட்டார். நான் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன். நன்றாகவே திட்டினார். எங்கள் முறையில் கைவைக்க நீ யார், உன் ரூலைக் கொண்டுபோய் உன் வீட்டில் வைத்துக்கொள் என்றார். டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

"இவ அண்ணானு கூப்ட்டா. அவனும் தங்கச்சினு சொல்லிட்டான். ஊரே கேட்டுகினு வந்துகீது. இனிமே எப்டிம்மா குடுக்கறது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இங்க பொம்பளப் புள்ளைங்க காலேஜு எந்தப் பக்கம் கீது?"