வலி போன பிறகு

கண்ணு, உன் கணுக்கால் கட்டின் தைல வாசனை என்னைத் தொண்ணூறுகளின் மைசூருக்கு, எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, என் அப்பாவுக்குக் கணுக்கால் தசைநார் கிழிந்திருந்தது.

“எலும்புக்குப் போற அளவு ரத்தம் நாருக்குப் போகாது. மெதுவாத்தான் கூடும். வலி முதல்ல போயிடும், பலம் அப்புறந்தான் வரும்,” என்றார் டாக்டர்.

வலி போனதும், கால் குணமாகிவிட்டதென்று நம்பி, அப்பா மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகக் கிளம்பினார்.

“பஸ்ல வந்தா சாமி கதவைச் சாத்திக்குமா?” என்றாள் அம்மா.

“நடந்து வர்றேன்னுதானே வேண்டிக்கிட்டேன்,” என்றார் அப்பா.

பாதி மலையில் அதே கால் மடங்கியது. அந்த நார் பிறகு சரியாகக் கூடவேயில்லை. அப்பா மறுபடி சாரம் ஏறவுமில்லை.

உனக்கும் இப்போது வலியில்லை. கபடிப் போட்டி போனால் போகட்டும், கட்டை அவிழ்க்காதே.